தண்ணீரை எதுவரை ஊற்றுவது?

ராத்திரி ஒன்பதரை மணிக்குக் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மாடி வீட்டுப் பெண். இடுப்பில் இரண்டு வயசுப் பையன், கையில் ஒரு சின்ன பாட்டில்.

"அக்கா, ரெண்டு நாளா மருந்து கொடுக்கறேன். காய்ச்சல் கொஞ்சம்கூட இறங்கலை. என்னன்னு பாருங்களேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள் நான். அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் என் வீட்டு பெல்தான் அடிக்கும். பையனைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பாட்டிலை வாங்கி ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பவுடராக வரும் ஆன்டிபயாடிக். 'ட்ரை ஸிரப்' என்பார்கள். நாம்தான் தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டும். லேபிள் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு அம்புக்குறி இருந்தது. அதுவரைதான் மருந்து நிற்க வேண்டும்.

"எதுவரைக்கும்மா தண்ணி ஊத்தினே?"

"கழுத்து வரைக்கும்க்கா. பவுடர் நல்லா கரையட்டும்னு ஃபிளாஸ்கில இருந்த வெந்நீரையே ஊத்திட்டேன்."

இரண்டு தப்பு. தண்ணீர் அதிகம், அதுவும் கொதிக்கக் கொதிக்க. காய்ச்சல் விடாததற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வைரஸ் காய்ச்சலாக இருந்தால் எந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தாலும் கேட்காது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இரண்டு நாளாக டாக்டர் எழுதிய மருந்து டாக்டர் எழுதிய அளவில் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அப்போதே டாக்டருக்கு ஃபோன் போடச் சொன்னேன். கலந்த விதத்தையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். புது பாட்டில் வாங்கச் சொன்னார். ரெண்டு பேரும் என் சமையலறை மேடையில் வைத்துக் கலந்தோம்.

அந்தப் பெண் எம்.காம். படித்தவள். பேங்கில் வேலை. லட்சக்கணக்கான பணத்தை ஒரு பைசா பிசகாமல் கணக்குப் பார்ப்பவள். "படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அவள் மாமியார் மறுநாள் என்னிடம் குறைப்பட்டுக் கொண்டார். எனக்கு அந்தப் பேச்சுதான் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் இதே மாதிரி பவுடர் மருந்தை, ஊசி மருந்துக் குப்பியை, எங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் எத்தனை பயிற்சி! எந்தத் தண்ணீர், எத்தனை மில்லி, கலந்தபின் எத்தனை மணி நேரம் தாங்கும், குலுக்கலாமா உருட்டத்தான் வேண்டுமா, எல்லாம் மனப்பாடம். கலந்த குப்பியின்மேல் மருந்தின் பெயர், அளவு, தேதி, மணி, கலந்தவர் கையெழுத்து எழுதி ஒட்டாவிட்டால் ஸ்டாஃப் நர்ஸ் கிழி கிழி என்று கிழித்துவிடுவார். பெயர் ஒட்டாமல் இன்னொருத்தி கலந்து வைத்த மருந்தைத் தொடவே கூடாது, கொட்டிவிட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு அங்கே. அதே வேலை வீட்டுக்கு வந்தால்? அழுகிற குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கு நடுவே, ஒரு அம்மா தனியாகச் செய்கிறாள். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. டாக்டர் எழுதியதோடு சரி. கடைக்காரர் விற்றதோடு சரி. கடைசியில் தப்பு நடந்தால் மட்டும் அம்மா தலையில்!

முதலில் ஒரு நியாயமான கேள்வி. இந்த வம்பே வேண்டாம், கம்பெனிக்காரர்களே தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன? பாரஸிடமால் அப்படித்தானே வருகிறது?

அமாக்ஸிஸிலின், செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாடிக்குகள் தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைய ஆரம்பித்துவிடும். பவுடராக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. கரைத்துவிட்டால் நாள் கணக்குதான். அமாக்ஸிஸிலினோடு சேர்ந்து வருகிற கிளாவுலனிக் ஆஸிட் என்பது அதைவிடத் தொட்டால்சிணுங்கி. ஈரமும் சூடும் அதற்கு ஆகவே ஆகாது. அதனால்தான் பவுடராக விற்கிறார்கள். அதனால்தான் வெந்நீர் கூடாது. மாடி வீட்டுப் பெண் "நல்லா கரையட்டும்" என்று நினைத்தது சமையலறை நியாயம். வெல்லத்துக்கு அது சரி, இந்த மருந்துக்குச் சரிவராது.

அப்படியானால் எப்படிக் கலப்பது? தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வைத்து, முழுக்க ஆறவிடுங்கள். கேன் தண்ணீராக இருந்தாலும், ஃபில்டர் தண்ணீராக இருந்தாலும் இதைச் செய்வது நல்லது. சில கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே சுத்தமான தண்ணீரை ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வைத்து அனுப்புகிறார்கள். அது இருந்தால் வேறு தண்ணீரே வேண்டாம், அதைப் பெட்டியில் போட்டிருக்கிறபடி பயன்படுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், மூடியைத் திறப்பதற்கு முன்னால் பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிக் குலுக்குங்கள். அடியில் கட்டி தட்டிப் போயிருக்கும் பவுடர் உதிரியாகும். இதைச் செய்யாமல் தண்ணீரை ஊற்றினால், இட்லி மாவில் உப்பு கட்டியாக நிற்கிற மாதிரி அடியில் ஒரு உருண்டை நின்றுவிடும். அப்புறம் நாலு நாள் கழித்து கடைசி டோஸில் அது கரைந்து வரும்.

பிறகு அம்புக்குறிக்கு பாதி வரை தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை வரும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நுரை அம்புக்குறியைத் தொட்டதும் "ஆச்சு" என்று மூடிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் பாட்டிலை அப்படியே வையுங்கள். நுரை அடங்கியதும் அம்புக்குறி வரை மறுபடி தண்ணீர் விட்டு, இன்னொரு தரம் குலுக்கி, அடங்கவிட்டு, மட்டம் சரியாக நிற்கிறதா என்று கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் கணக்குத் தப்பும்.

'30 மில்லி என்று போட்டிருக்கிறதே, முப்பது மில்லி தண்ணீரை அளந்து ஊற்றினால் என்ன?' என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பவுடருக்கே கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா? கலந்து முடித்த மருந்துதான் முப்பது மில்லி, தண்ணீர் மட்டுமே முப்பது இல்லை. முப்பதில் இருக்க வேண்டிய மருந்து, கழுத்து வரை ஊற்றியதால் நாற்பதில் பரவினால், நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு ஸ்பூனிலும் முக்கால் பங்கு மருந்துதான் இருக்கும். கிருமிக்கு அது சாவு இல்லை, தேகப்பயிற்சி! குறைவாக ஊற்றினால் நேர் எதிர். ஒவ்வொரு ஸ்பூனும் காட்டம். குழந்தைக்கு வாந்தி, பேதி.

கலந்து முடித்ததும் பேனாவை எடுத்து லேபிள்மேல் தேதி எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்வதை வீட்டில் நீங்கள் செய்வதற்கு என்ன கேடு? எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளிலேயே இருக்கும். பல மருந்துகளுக்கு ஏழு நாள். சிலவற்றுக்குக் கூடுதல், சிலவற்றுக்குக் குறைவு. கிளாவுலனிக் ஆஸிட் சேர்ந்தது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கத் திறக்க சூடு படும். உள் தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் தள்ளிவிடாதீர்கள். அதற்காக எல்லா மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபிரிட்ஜில் அடைக்கவும் கூடாது. கிளாரித்ரோமைசின் என்று ஒன்று உண்டு. கலந்த பிறகு அதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் "மண்பானைத் தண்ணிக்குள்ள நிறுத்தி வைக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். பானைக் குளிர் ஃபிரிட்ஜ் குளிர் ஆகாது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், வெளியில் வைத்தாலும் தாங்குகிற வேறு மருந்தை எழுதித் தருவார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு தரம் கொடுக்கும் முன்னும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். இது சர்பத் இல்லை. மருந்து கரையாமல் மிதந்துகொண்டு இருக்கிறது. அசையாமல் வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் முதல் இரண்டு நாள் வெறும் இனிப்புத் தண்ணீர், கடைசி நாள் எல்லா மருந்தும் ஒரே நேரத்தில்.

அடுத்து நம் வீட்டு ஸ்பூன்! 'ஒரு டீஸ்பூன்' என்றால் மருத்துவக் கணக்கில் ஐந்து மில்லி. ஒரு நாள் மத்தியானம் பொழுது போகாமல் என் வீட்டு ஸ்பூன்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு சிரிஞ்சால் அளந்தேன். காபிக்குச் சர்க்கரை போடுகிற ஸ்பூன் மூன்று மில்லிதான் பிடித்தது. பாயசம் சாப்பிடுகிற ஸ்பூன் எட்டு. மருமகள் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் ஸ்பூன் ஏழு. மூன்றுக்கும் எட்டுக்கும் எவ்வளவு தூரம்! பாலாடையில் 'சுமாராக'க் கொடுக்கிற பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலாடைக்குக் கோடு கிடையாது. பால் கொடுக்க அது அருமையான சாமான், மருந்துக்கு வேண்டாம். பாட்டிலோடு வருகிற கோடு போட்ட மூடியைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது ஊசி இல்லாத ஐந்து மில்லி சிரிஞ்ச். சில ரூபாய்க்குக் கிடைக்கும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து, படுக்கவைத்து, தொண்டைக்குள் பீய்ச்சுகிற பழைய முறையில் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் பேசுவதில்லை. டாக்டர் காலையில் ஐந்து மில்லி, ராத்திரி ஐந்து மில்லி, ஐந்து நாள் என்று எழுதுகிறார். மொத்தம் ஐம்பது மில்லி. பாட்டிலோ முப்பது. மூன்று நாளில் தீர்ந்துவிடும். காய்ச்சலும் அதற்குள் விட்டிருக்கும். "மருந்து தீர்ந்துபோச்சு, காய்ச்சலும் போச்சு" என்று நிறுத்திவிடுகிறோம். சீட்டில் எழுதியதையும் பாட்டில் அளவையும் கடையிலேயே கணக்குப் போட்டு இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கலந்து வைக்காதீர்கள். முதல் பாட்டில் முடிந்தபின் இரண்டாவது.

சரி, இதையெல்லாம் யார் சொல்ல வேண்டும்? என் கட்சி, மருந்துக் கடைதான். எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"சிஸ்டர், சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து என் கடையைப் பாருங்க. முப்பது பேர் நிக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்தினா பின்னாடி இருக்கறவன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்" என்றார்.

"நீங்களே கலந்து கொடுத்துடலாமே?"

"கலந்த நிமிஷத்துல இருந்து நாள் ஓட ஆரம்பிச்சுடும். சில பேர் வாங்கிட்டுப் போய் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொடுக்க ஆரம்பிக்கறாங்க. கலந்ததைத் திருப்பி எடுத்துக்கவும் முடியாது. அதோட, என் கடைத் தண்ணி சுத்தமில்லன்னு நாளைக்கு நீங்களே எழுதுவீங்க!"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடையில் கலந்து தருவதற்குக் கொதித்து ஆறிய தண்ணீர், கை கழுவ இடம் எல்லாம் வேண்டும். நம் தெருக்கடைகளில் பலவற்றில் நிற்கவே இடம் இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. கலக்க வேண்டாம், சொல்லலாமே? நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015-ல் வந்த பார்மசி தொழில்முறை விதிகளிலேயே இருக்கிறது. அது கருணை இல்லை, வேலை. அம்புக்குறியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு தடிமனான கோடு இழுத்து, "இந்தக் கோடு வரைக்கும், ஆறின தண்ணி" என்று சொல்ல பத்து விநாடிகூட ஆகாது.

கம்பெனிகளிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பெட்டி முழுக்கப் பெரிய எழுத்தில் மருந்தின் பெயர். கலக்கும் முறை மட்டும் பொடி எழுத்தில், இங்கிலீஷில். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிரபலமான மருந்துகளின்மேல் கட்டம் கட்டமாக க்யூ.ஆர். கோடு போட வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல காரியம். போலி மருந்தைக் கண்டுபிடிக்க உதவும். அந்த விதிப்படி அதில் இருக்க வேண்டியது மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர், தேதிகள், லைசென்ஸ் நம்பர். கலக்கும் முறை அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாக்களுக்கு லைசென்ஸ் நம்பர் எதற்கு? நாலு படம், கீழே தமிழில் நாலு வரி. அவ்வளவுதானே கேட்கிறோம்?

பவுடர் என்றால் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பாங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸிடம் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. கல்கத்தாவில் குளுகோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் போட்டு வரவழைத்து, பீப்பாய்களில் கரைத்து, குவளை குவளையாகக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். அந்தப் பொட்டலத்தின் மகிமை முழுக்க அளவில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் கெடுக்கிறோம்.

எப்படி? "ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் பவுடர் போட்டுக் கொடுத்தேன் சிஸ்டர். மிச்சத்தை மடிச்சு வெச்சிருக்கேன்." இதைக் கேட்காத வாரம் கிடையாது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. இருநூறு மில்லிக்கு என்று சின்ன பாக்கெட்டும் வருகிறது. முதலில் எந்தப் பாக்கெட் என்று படியுங்கள். லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறி, ஏற்கெனவே வற்றிப்போன குழந்தைக்கு வலிப்பே வரலாம். சின்ன பாக்கெட்டை லிட்டரில் கரைத்தால் பிரயோஜனமே இல்லை. அளப்பதற்கு வழி இல்லையா? கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அளவுதான். முழுப் பாக்கெட்டையும் ஒரே தரத்தில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கரையுங்கள். கரைத்தபின் கொதிக்க வைக்காதீர்கள், "பாவம், குழந்தை குடிக்கலை" என்று மேலே சர்க்கரை சேர்க்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது.

அட்டைப் பெட்டியில் பழப் படம் போட்டு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற இனிப்புத் தண்ணீரை வாங்கிக் கொடுத்தவர்களும் நிறையப் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. இத்தனை வருஷம் கழித்தாவது போட்டார்களே!

இனி நான் சொல்லப் போவது என் சொந்தத் தப்பு.

1996-ல் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, மாத்திரை விழுங்கச் சிரமப்பட்டார். பிரஷருக்கு நிஃபெடிபின் ரிடார்ட் என்ற மாத்திரை. நான் அப்போது பத்து வருஷ அனுபவம் உள்ள நர்ஸ். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்கி, பொடியைத் தண்ணீரில் கரைத்து, "மாமா, ஒரே வாய்" என்று கொடுத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன். அரை மணி நேரம் இருக்கும். "ஏம்மா, கண்ணை இருட்டுதே" என்றார். வந்து பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது. முகம் வெளிறிவிட்டது. பிரஷர் பார்த்தேன். மேல் அளவு எண்பது. படுக்கவைத்து, காலைத் தூக்கித் தலையணையில் வைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தார். அந்த டாக்டர் ஸ்ட்ரிப்பைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொடி பண்ணினது யாரு சிஸ்டர்?"

'ரிடார்ட்' என்றால் மெதுவாக விடுவது. பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்க வேண்டிய மருந்தை நான் அரை மணியில் இறக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைப் பார்த்து மூன்று தரம் சரிபார்க்கிற கை, வீட்டில் ஸ்பூனால் நசுக்கிவிட்டது. வீடு என்றால் நமக்கு ஒரு அலட்சியம் வந்துவிடுகிறது. இதை என் மாமியாரிடம் ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நம் ஊரில் பொடி பண்ணுகிற பழக்கம் ரத்தத்திலேயே ஊறியது. பிறந்த குழந்தைக்கு வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் இழைத்துக் கொடுத்த பாட்டிகளின் பரம்பரை நாம். மாத்திரையையும் அப்படியே இழைத்துவிடலாம் என்று கை போகிறது. எல்லா மாத்திரையையும் அப்படிச் செய்ய முடியாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று ஒட்டு இருந்தால் நசுக்காதீர்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் சி.ஆர். எல்லாம் இந்த ஜாதி. பான்டோப்ரஸோல் மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் மருந்து சிதையாமல் குடல் வரை போவதற்காகப் பூசியது. நசுக்கினால் பூச்சு போய்விடும், அப்புறம் மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான். பூச்சு போட்ட ஆஸ்பிரினை நசுக்கினால் வயிற்றைப் புண்ணாக்கும். புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மாத்திரைகளில் ஆபத்து நசுக்குபவருக்கு. அந்தத் தூசி மூச்சில் போகும். வீட்டில் மருமகளோ மகளோ கர்ப்பமாக இருந்தால் அந்த மாத்திரைப் பக்கமே விடாதீர்கள்.

நசுக்கலாம் என்று டாக்டர் சொன்ன மாத்திரையையும் ஒவ்வொன்றாக நசுக்குங்கள். காலை மாத்திரை ஐந்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டு இடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எது கொட்டியது, எது உள்ளே போனது என்றே தெரியாது. நசுக்கிய கிண்ணத்தில் ஒட்டியிருப்பதும் மருந்துதான். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவி அதையும் கொடுங்கள். ஒரு டம்ளர் பாலிலோ ஒரு கிண்ணம் கஞ்சியிலோ கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டுப் போதும் என்றால் பாதி மருந்துதான் போயிருக்கும். ஒரு ஸ்பூன் அளவில் முடியுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸஸின், டாக்ஸிசைக்ளின் போன்றவற்றைப் பாலில் கலந்தால் பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கசப்புக்காகத் தேன் தடவுகிறீர்களா? ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

பொடியை உலர்ந்தபடியே நாக்கில் போட்டு "முழுங்கு" என்று சொல்லாதீர்கள். புரையேறும். மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோலையும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும், குறைந்தால் அது தொண்டையிலேயே ஊதிக்கொள்ளும்.

மூக்கு வழியாக ட்யூப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிற பெரியவர்கள் இப்போது நிறைய. நடு ராத்திரி ட்யூப் அடைத்துக்கொண்டது என்று எனக்கு வருகிற ஃபோன்களில் பாதிக்கும் மேல் அரைகுறையாக நசுக்கிய மாத்திரையால்தான். மாவு மாதிரி நைஸாகப் பொடித்து, பதினைந்து முதல் முப்பது மில்லி தண்ணீரில் கரைத்து விட வேண்டும். மருந்துக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர், இரண்டு மருந்துக்கு நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். கஞ்சியோடு கலக்காதீர்கள். இசப்கோலை ட்யூபில் விடவே விடாதீர்கள், சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். தலைப் பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து அரை மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுக்கிறவர்கள், கஞ்சிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டிக் கொடுத்தால் மருந்து சரியாகச் சேராது.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று பில் கட்டுகிற அவசரத்தில் இதெல்லாம் விட்டுப்போகிறது. அன்றைக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எல்லா மாத்திரையையும் நர்ஸிடம் நீட்டி, "இதுல எதை நசுக்கலாம், எதை நசுக்கக் கூடாது, சிரப்பாவோ தண்ணியில தானே கரையற மாத்திரையாவோ மாத்த முடியுமா?" என்று கேட்டு, ஸ்ட்ரிப்மேலேயே எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். எழுதித் தராமல் நகராதீர்கள். நானே பல நாள் முகம் சுளித்திருக்கிறேன். அப்படியும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மாடி வீட்டுப் பையனுக்கு இரண்டாவது பாட்டிலைக் கலந்தபின் மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. இன்னும் இரண்டு நாள் மருந்து பாக்கி இருந்தது. அதையும் கொடுத்து முடித்தாள். பாட்டில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்க, "அடுத்த தரம் காய்ச்சல் வந்தா ஆகும்" என்று மாமியார் ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். லேபிளில் நான் எழுதிய தேதியைக் காட்டினேன். பழைய காபிப் பொடிச் சக்கையில் கொட்டிக் கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டோம். கோடு போட்ட மூடியை மட்டும் கழுவி வைத்துக்கொண்டார்.